ஆப்பிரிக்கக் கட்டடக் கலை: மண்ணும் கல்லும் வளர்ந்த கதை

ஆப்பிரிக்கா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலரின் மனக்கண்முன் எழுவது அடர்ந்த காடும், கொடிய விலங்கும், அவற்றிடையே புல் வேய்ந்த ஒரு வட்டக் குடிசையுமே ஆகும். பாடப் புத்தகத்தின் படமும் திரைப்படத்தின் காட்சியும் நமக்கு அவ்வாறே காட்டிவிட்டன. அந்தக் குடிசை பொய்யன்று. ஆனால் அது மட்டுமே உண்மையும் அன்று. மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மண்ணால் ஆறு மாடி உயரம் எழுப்பியோரும், ஒரே பாறையைக் குடைந்து கோயில் செய்தோரும், சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கோட்டம் கண்டோரும் அக்கண்டத்தில் வாழ்ந்தனர். அக்கலை வளர்ந்த வரலாற்றை இத்திங்கள் இப்பகுதியில் சுருங்கக் காண்போம்.

குடுபல்லியில் குடியேறி வாழும் நமக்கு ஆப்பிரிக்கக் கட்டடத்தால் ஆவதென்ன என்று அன்பர்கள் வினவலாம். ஆவது உண்டு. இந்தச் சித்தூர்ச் சீமை 1911ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆகும் வரையில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய ஏறத்தாழ 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர். அவருள்ளும் வட ஆர்க்காட்டார் மிகப் பலர். அவர்கள் அங்கே வாளா இருந்தாரில்லை, கோயில் எடுத்தனர். ஆதலின் ஆப்பிரிக்கக் கட்டட வரலாற்றில் நம் பக்கத்து மக்கள் கைபட்ட ஓர் அதிகாரமும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

மண்ணின் மாண்பு

மண்ணிலிருந்தே தொடங்குவோம். இன்றைய சூடான் நாட்டில் நைல் ஆற்றங்கரையில் கெர்மா என்னும் பழைய நகரம் இருந்தது. அங்கே வெயிலில் உலர்த்திய செங்கல்லால், அதாவது சுடாத பச்சைக் கல்லால், கட்டிய பெருங்கோயில் ஒன்று இன்றும் ஏறத்தாழ 18 மீட்டர் உயரம் நிற்கிறது. மழை குறைந்த நாடாதலின் மண் நிலைத்தது என்பர். அது ஓரளவே உண்மை. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் ஜென்னே நகரிலோ மழைக்காலம் உண்டு. அங்கும் மண் கட்டடம் நிற்கிறது.

ஜென்னே நகரின் பெரிய பள்ளிவாசல் உலகிலுள்ள மண் கட்டடங்களுள் தலையாயது. இப்பொழுதுள்ள கட்டடம் 1907ஆம் ஆண்டில் முடிந்தது. அதே இடத்தில் முன்னிருந்த பள்ளிவாசல் பல நூற்றாண்டுப் பழமை உடையது. சுவரினின்று பனை மரச் சட்டங்கள் வரிசை வரிசையாக வெளியே நீண்டிருக்கும். காண்போர் அதனை அழகுக்கென்று எண்ணுவர். அழகும் உண்டு, ஆயினும் அவற்றின் வேலை வேறு. ஆண்டுதோறும் சுவருக்கு மண் பூசும்போது ஏறி நிற்க அவையே சாரம். மண்ணோடு உமி கலந்து குழியிற் பல நாள் புளிக்க விடுவர். சிறுவர் அதனை மிதித்துக் குழைப்பர். பெண்டிர் ஆற்று நீர் சுமந்து வருவர். கொத்தனார் கூட்டம் மேற்பார்க்க, ஊரே திரண்டு ஒரு நாளில் பூசி முடிக்கும். அந்நாள் அவ்வூருக்குத் திருவிழா.

இதிலுள்ள நுட்பத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மண் சுவர் மழைக்குக் கரையும் என்பதை அவ்வூரார் அறியாதவர் அல்லர். கரையும் என்று அறிந்தே, கரைந்ததை ஆண்டுதோறும் ஈடு செய்யும் கடமையை ஊர்ப் பொதுவில் வைத்தனர். கட்டடம் ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளன்று, ஆண்டுதோறும் பேண வேண்டிய உறவு என்பது அவர் கருத்துப் போலும். நம் பாட்டிமார் பொங்கலுக்கு முன்னர் சுவருக்குச் செம்மண்ணும் சாணமும் பூசிச் சுண்ணாம்பு தீட்டியதும் இதே கருத்தால்தான். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. புர்க்கினா பாசோ நாட்டின் தியெபெலே என்னும் ஊரில் அப்பழமொழியைக் கண்ணாரக் காணலாம். அங்கே ஆடவர் மண் சுவர் எழுப்ப, பெண்டிர் கருப்பும் வெள்ளையும் செம்மையுமாகக் கோலம் எழுதி அச்சுவரைக் காக்கின்றனர். அவ்வூர்த் தலைவரின் மனையை உலக மரபுச் சின்னமாக 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் கல்வி அமைப்பு ஏற்றுக்கொண்டது.

கல்லின் கதை

இனிக் கல்லுக்கு வருவோம். எத்தியோப்பியாவின் அக்சும் நகரில் ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒற்றைக்கல் தூண்கள் உள்ளன. ஒன்று 24 மீட்டர் உயரம். அதனினும் பெரியதாகிய 33 மீட்டர்த் தூண் ஒன்று விழுந்து துண்டுகளாகக் கிடக்கிறது. தூணின் மேல் கதவும் சாளரமும் மரவிட்ட முனையும் செதுக்கிப் பல மாடி வீடு போலத் தோன்றச் செய்திருக்கின்றனர். மரத்திற் பழகிய கை கல்லைத் தொட்டால் முதலில் மரத்தையே நினைவு கூரும். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் ஓலைக் குடிசையின் கூரையைக் கல்லிற் காட்டவில்லையா? அதுபோலத்தான் இதுவும். அந்த 24 மீட்டர்த் தூணை 1937இல் இத்தாலியர் ரோமாபுரிக்கு எடுத்துச் சென்றனர். 2005இல் அது தாயகம் மீண்டது. 2008இல் பழைய இடத்திலேயே நிறுத்தப்பெற்றது. ஊர்விட்டு ஊர் போன கல்லும் வீடு திரும்பியது என்று நாம் மகிழலாம்.

அதே நாட்டில் லாலிபெலா என்னும் மலையூரில் பதினொரு கிறித்தவக் கோயில்கள் உள்ளன. கல்லை அடுக்கிக் கட்டியவை அல்ல. பாறையைச் சுற்றிலும் அகழி வெட்டி, மேலிருந்து கீழாகச் செதுக்கி, உள்ளே குடைந்து செய்தவை. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஆண்ட லாலிபெலா மன்னர் பெயரால் அவ்வூர் வழங்குகிறது. இம்முறை நமக்குப் புதிதன்று. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இவ்வாறே உச்சியினின்று தொடங்கி வெட்டப்பெற்று, அடிப்பகுதி முடியாமலே நிற்கிறது. ஒருவரை ஒருவர் காணாத இரு நாட்டுச் சிற்பியர், பாறை கேட்ட அதே கேள்விக்கு அதே விடை கண்டனர். கட்டும்போது பிழை நேர்ந்தால் கல்லை மாற்றலாம். வெட்டும்போது பிழை நேர்ந்தால் மாற்றுக் கல் ஏது? எனவே இவ்வேலைக்குக் கைத்திறத்தினும் முன்னறிவு பெரிதும் வேண்டும்.

மூன்றாவது, தெற்கே உள்ள பெருஞ்சிம்பாப்வே. பதினொன்றாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரையில் ஷோனா மக்களின் முன்னோர் எழுப்பிய கருங்கல் நகரம் அது. பெரிய வளாகத்தின் வெளிச்சுவர் சுற்றளவில் ஏறத்தாழ 250 மீட்டர். உயரம் சில இடங்களில் 11 மீட்டர். சுண்ணாம்பும் இல்லை, மண் சாந்தும் இல்லை. கல்லின்மேற் கல்லாக அடுக்கியதே. அந்நாட்டுக் கருங்கற் பாறை வெயிலிற் காய்ந்தும் இரவிற் குளிர்ந்தும் தகடு தகடாகப் பெயரும். நெருப்பு மூட்டி நீர் ஊற்றினால் இன்னும் எளிதிற் பிளக்கும். குப்பம் வட்டாரத்துக் கல்லுடைப்பாளரிடம் கேட்டால், பாறைமேல் நெருப்பிட்டுக் கற்பலகை எழுப்பும் வித்தையை அவர்களும் சொல்வர். நம் வயல் வேலிக்கும் வீட்டு வாசலுக்கும் நட்ட கற்பலகைகள் அவ்வித்தைக்குச் சான்று.

இக்கல் நகரத்தைக் குறித்து எழுந்த வழக்குத்தான் நாம் மறவாமற் கற்க வேண்டிய பாடம். 1871இல் அதனைக் கண்ட ஜெர்மானியப் பயணி கார்ல் மாக், இது ஆப்பிரிக்கர் வேலையாக இராது, ஷேபா அரசியோடு தொடர்புடையது என்று எழுதினார். பின்வந்தோர் பினீஷியர் என்றனர், அராபியர் என்றனர். யாரென்றாலும் சரி, அம்மண்ணின் மக்கள் மட்டும் அல்லர் என்பதே அவர்தம் பிடிவாதம். 1905இல் ராண்டல் மக்கைவர் என்ற அகழாய்வாளரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற அம்மையாரும் தோண்டிப் பார்த்து, இது முற்றிலும் ஆப்பிரிக்கர் படைப்பே என நிறுவினர். அதன் பின்னும் வெள்ளையர் ஆட்சி அவ்வுண்மையை மறைக்கவே முயன்றது. 1980இல் விடுதலை பெற்றபோது அம்மக்கள் தம் நாட்டுக்கே அக்கட்டடத்தின் பெயரைச் சூட்டினர். கல் வீடுகள் என்பது அச்சொல்லின் பொருள். கட்டியவன் பெயர் எழுதி வைக்கப்படவில்லையாயின், கட்டியது நானே என்று எவனும் உரிமை கொண்டாடலாம். இதனை மனத்திற் கொள்க.

கடற்கரையும் இருப்புப் பாதையும்

கிழக்குக் கடற்கரையில் வேறொரு முறை தழைத்தது. அங்கே கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லே கட்டுமானக் கல். ஈரமாயிருக்கையில் மென்மையாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகுவது அதன் இயல்பு. அதனையே சுட்டுச் சுண்ணாம்பும் செய்தனர். 1331இல் பயணி இபின் பதூதா கண்டு சென்ற கில்வா துறைமுகத்தில் பவளக் கல்லாலாகிய பெரும் பள்ளிவாசலும் அரண்மனையும் இன்றும் சிதைந்த நிலையில் உள்ளன. கூரைக்கு அலையாத்தி மரக் கழிகளே விட்டம். அக்கழி எவ்வளவு நீளமோ அவ்வளவே அறையின் அகலம். ஆதலின் அந்நாட்டு அறைகள் குறுகி நீண்டிருக்கும். மரமே அளவுகோல் ஆயிற்று. நம் பழைய ஓட்டு வீட்டிலும் உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தை நோக்கித்தானே கூடத்தின் அகலத்தை முடிவு செய்தனர்? பவளக் கற் கட்டடம் தமிழகத்திலும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலிற் புகைவண்டியோடு அழிந்த தனுஷ்கோடியின் மாதா கோயிற் சுவர்களைக் கண்டோர் அக்கல்லை அடையாளம் காண்பர்.

பின்னர் ஐரோப்பியர் ஆட்சி வந்தது. அதன் பின்னே இருப்புப் பாதை வந்தது. 1896இல் மொம்பாசாவில் தொடங்கிய பாதை 1901இல் விக்டோரியா ஏரியை எட்டியது. அதற்கென இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் சென்றனர், பெரும்பாலோர் பஞ்சாபியர். 1899இல் வண்டிப் பணிமனைக்கென அமைத்த முகாமே இன்றைய நைரோபி மாநகரம். இருப்புப் பாதை சென்ற வழியெல்லாம் நெளிதகரமும் சென்றது. சுமப்பதற்கு இலேசு, விரைவில் வேயலாம், கறையான் அரிக்காது. குறை ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பவர் வேக வேண்டும். சரக்குப் பற்றுச்சீட்டில் எடை குறைந்த பொருளுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் வீட்டுக்குள் வெப்பத்தின் கட்டணத்தை நாள்தோறும் செலுத்த வேண்டியிருக்கிறது. தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை மாதம் கழிக்கும் அன்பர்கட்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

நம்மவர் எடுத்த கோயில்கள்

இப்பொழுது நாம் முன்னே வாக்களித்த அதிகாரத்துக்கு வருவோம். 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்ற கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதில் வந்தோரும் பின்வந்தோரும் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து அல்லது கைந்நாட்டு இட்டவர்கள். கப்பற் பதிவேட்டில் ஒவ்வொருவர்க்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பெற்றன. தச்சனோ கொத்தனோ ஆயினும் தோட்டக் கணக்கில் அவன் ஓர் எண்ணே. ஆயின் அவ்வெண்களுள் ஒருவர்க்கு விமானம் எவ்வாறு எழும் என்பது தெரிந்திருந்தது. இன்னொருவர்க்குத் தம் ஊர் அம்மன் கோயிலின் அளவு நினைவிருந்தது.

முதலில் அவர்கள் எழுப்பியவை கழியும் மண்ணும் கொண்ட சிறு கோயில்களும் தகரக் கோயில்களுமே. கழி நட்டு, இடையே மிலாறு பின்னி, மண் அப்பும் முறை ஆப்பிரிக்க மக்களுக்கும் பழக்கமானது, நம் மக்களுக்கும் பழக்கமானது. பொருள் சேர்ந்தபின் செங்கல்லுக்கு மாறினர். 1875இல் டர்பனில் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த அம்பலவாணர் ஆலயம் பின்னாளில் வெள்ளத்தில் அழிந்தது. மீட்டெடுத்த கதவுகளைக் காத்து வைத்திருந்து, 1947இல் கேட்டோ மேனர் பகுதியிற் புதுக் கோயில் கட்டியபோது அவற்றைப் பொருத்தினர் என்பர். சுவர் போயினும் வாசல் போகவில்லை. மவுண்ட் எட்ஜ்கோம் கரும்பு ஆலைப் பகுதியிலுள்ள கணேசர் கோயில், கிருஷ்ணப்ப ரெட்டி என்ற புகழ் பெற்ற கோயிற் கட்டுநரின் கைவண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது.

இக்கோயில்களைத் தஞ்சைப் பெரிய கோயிலோடு ஒப்பிடுவோர் அவை சிறியன, சிற்ப நூலின் அளவுக்கு முழுதும் ஒத்தவையல்ல என்று குறை கூறலாம். கருங்கல் செதுக்குவோர் இல்லாத ஊரில் செங்கல்லும் சுதையும் கொண்டு, நூல் கைவசம் இல்லாமல் நினைவை மட்டுமே நூலாகக் கொண்டு, வாரத்தில் ஆறு நாள் தோட்ட வேலை செய்த கைகளால் எடுத்தவை அவை. அவ்வளவில் நோக்கினால் அவற்றின் உயரம் விளங்கும்.

பின்னும் ஒரு சோதனை வந்தது. 1950இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இயற்றியது. கேட்டோ மேனரில் வாழ்ந்த இந்தியரும் ஆப்பிரிக்கரும் வீடிழந்தனர். இந்தியர் பலர் சாட்ஸ்வொர்த் முதலிய புறநகர்களுக்கு அனுப்பப்பெற்றனர். வீடுகள் இடிந்தன. கோயில்கள் சில மட்டும் வெறுவெளியில் தனித்து நின்றன. அடியார்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து விளக்கேற்றினர். ஆண்டுதோறும் தீ மிதித்தனர். ஊர் கலைந்த பின்னும் ஊரைக் கூட்டும் ஆற்றல் ஒரு கட்டடத்துக்கு உண்டென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீண்டும் மண்ணுக்கு

சிமெண்டும் காங்கிரீட்டும் வந்தபின் மண்ணின் காலம் முடிந்ததென்று பலர் எண்ணினர். எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் பாத்தி அவ்வாறு எண்ணவில்லை. அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார், மரச் சாரம் இல்லாமலே பச்சைச் செங்கல்லால் வளைவுக் கூரை அமைக்கும் வித்தையை அறிந்திருந்தனர். அவர்களைக் கொண்டு 1940களில் புதிய கூர்னா என்னும் ஊரை அமைத்தார். கட்டடம் நன்று, ஆயினும் குடிபெயர வேண்டியவருள் பெரும்பாலோர் வர மறுத்தனர். குடியிருப்போர் மனம் ஒப்பாவிடில் நல்ல வீடும் வெறும் வீடே. அந்த நூபிய முறையோ வீண்போகவில்லை. புதுச்சேரி அருகிலுள்ள ஆரோவில் மண் கட்டடக் கழகத்தில் அது பயிற்றப்பெற்று, அழுத்திய மண் கற்களால் வளைவுக் கூரைகள் தமிழ் மண்ணிலும் எழுகின்றன.

நம் போன்ற குடும்பங்கள் கருத்திற் கொள்ள வேண்டிய பெயர் இன்னொன்று: பிரான்சிஸ் கெரே. புர்க்கினா பாசோவின் காந்தோ என்னும் சிற்றூரில் 1965இல் பிறந்தவர். அவ்வூரில் பள்ளி இல்லை. அயல்நாடு சென்று ஜெர்மனியிற் படித்த அவர், படிக்கும்போதே நிதி திரட்டித் தம் ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்ட முனைந்தார். மண்ணாற் கட்டப் போகிறேன் என்றதும் ஊரார் தயங்கினர். அயல்நாடு சென்று படித்தவன் மண் சுவரா கொண்டு வருவது, மழைக்கு நிற்குமா என்பது அவர் ஐயம். கெரே மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து கல் அறுத்தார். கூரைத் தகரத்தைச் சுவர்மேற் படியவிடாமல் உயர்த்தி நிறுத்தி, கீழே செங்கல் விதானம் அமைத்தார். இடையே காற்று ஓடி வெப்பத்தைக் கொண்டு சென்றது. அகன்ற இறவாரம் சுவரை மழையினின்று காத்தது. ஆடவர், மகளிர், சிறுவர் யாவரும் உழைக்க, 2001இல் பள்ளி முடிந்தது. 2022இல் கட்டடக் கலையின் தலையாய பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசு அவர்க்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

நாம் செய்யத்தக்கது

நம் சங்கத்துக் குடும்பங்களுட் பல, சொந்த ஊரில் பாட்டன் கட்டிய மண் வீட்டையோ ஓட்டு வீட்டையோ பூட்டிவிட்டு வந்தவை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் அதனை இடித்து மெத்தை வீடு எழுப்புவதே முதல் எண்ணமாக உள்ளது. இடிக்கற்க என்று நாம் ஆணையிடோம். ஒழுகும் கூரையும் சரிந்த சுவரும் உடைய வீட்டில் முதியோரை இருக்கச் சொல்வது அறமன்று. ஆனால் மண் சுவர் என்ற ஒரே காரணத்தால் அதனை ஏழைமையின் அடையாளமாகக் கருதி நாணுதல் வேண்டா. முதலில் கூரையைச் சீர் செய்து, இறவாரத்தை நீட்டி, அடிச்சுவருக்குக் கல் அணைத்துப் பாருங்கள். புது வீடே கட்டினாலும் திண்ணையின் நிழலையும், எதிரெதிர்ச் சாளரத்தின் காற்றையும் விட்டுவிடாதீர்கள்.

இடிப்பதே முடிவாயின், அதன் முன் ஒரு வேலை செய்க. கூடம், தாழ்வாரம், அடுக்களை ஆகியவற்றின் நீள அகலங்களை அளந்து எழுதுங்கள். சுவர் எந்த மண், கூரை எந்த மரம் என்று வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். கட்டிய கொத்தனார் பெயரையும், மண் சுமந்த சித்தாட்கள் பெயரையும் நினைவுள்ள வரையில் குறித்து வையுங்கள். பிள்ளைகளைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்யுங்கள். பெருஞ்சிம்பாப்வேயைக் கட்டினோர் பெயர் இன்று யார்க்கும் தெரியாது. நம் பாட்டன் வீட்டைக் கட்டினோர் பெயர் இன்னும் சில பாட்டிமார் நாவில் இருக்கிறது. அவர் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நன்று.

அவ்வாறு எழுதிய குறிப்புகளைச் சங்க நூலகத்தில் ஒப்படைத்தால், தனி ஏட்டிற் பெயர்த்து வைப்போம். சிறந்தவற்றை இப்பகுதியில் மாதந்தோறும் வெளியிடுவோம்.